வரிச்சுமையும் ஊர்விட்ட நம் முன்னோரும்

நமது கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், நம் மக்களின் வரலாற்றில் ஒரு பகுதியைப் பற்றி எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் நம்மைப் பணித்தனர். எதை எழுதுவது என்று எண்ணிப் பார்த்தபோது, நாள்தோறும் நம் கண்முன் நிகழும் ஒரு செயலே நினைவுக்கு வந்தது. ஆரம்பாக்கம் தொடர்வண்டி நிலையத்தில் விடியற்காலையில் நின்று பார்ப்பவர்கள் அதனை அறிவார்கள். நம் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வேலை தேடிப் புறப்படுகின்றனர். சிலர் மாலையில் திரும்புகின்றனர், சிலர் ஆண்டுக்கொரு முறை திரும்புகின்றனர், சிலர் திரும்புவதேயில்லை. ஊர் விட்டு ஊர் போதல் நமக்குப் புதியதன்று. நம் முன்னோர் ஏன் போனார்கள், எப்படிப் போனார்கள், போன இடத்தில் என்ன கண்டார்கள் என்பதை அறிந்துகொள்வது இன்று போகின்றவர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

எல்லையில் ஓர் ஊர்

நமது ஊர் தமிழ்நாட்டின் வடகோடியில், பழவேற்காடு ஏரியை அடுத்து அமைந்துள்ளது. அடுத்த நிலையமாகிய தடா ஆந்திரப் பிரதேசத்தைச் சார்ந்தது. 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில சிற்றூர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. அன்றிரவு உறங்கச் சென்றவர்கள் மறுநாள் வேறு மாநிலத்தில் கண்விழித்தனர். அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். எல்லைதான் இடம் மாறியது. நெடுஞ்சாலையின் எல்லைச் சாவடிகளில் சரக்கு வண்டிகள் விற்பனை வரிச் சோதனைக்காக வரிசையில் காத்து நின்றதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். 2017 ஜூலை 1 அன்று சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் அச்சோதனை நின்றது. வரி என்பதும் எல்லை என்பதும் நமக்கு ஏட்டுச் செய்திகள் அல்ல. வீட்டு வாசலில் நிற்பவை.

அமெரிக்க நாட்டில் கலிபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் வரியும் வீட்டு வாடகையும் மிகுதி என்று கூறி, மாநில வருமான வரியே இல்லாத டெக்சாஸ், ஃபுளோரிடா மாநிலங்களுக்குப் பலர் குடிபெயர்கின்றனர் என்று செய்தித்தாள்களில் படிக்கிறோம். அங்கே வரிக்காக இடம் மாறுவோருள் செல்வர்களே பெரிதும் பேசப்படுகின்றனர். அவர்கள் வீட்டை விற்றுக் காசாக்கிக்கொண்டு, வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, ஒரு மாநிலத்தின் குடிமகன் என்ற உரிமையை இழக்காமல் மற்றொரு மாநிலத்துக்குப் போகின்றனர். நம் முன்னோரும் சுமை தாங்காமல் போனவர்களே. ஆனால் விற்பதற்கு அவர்களிடம் வீடு இல்லை, பட்டா இல்லை, போவதற்கு உரிமைகூட இல்லை. இந்த வேறுபாடே இக்கட்டுரையின் பொருள்.

நிலம் இல்லாதவன் சுமந்த வரி

‘நிலம் உள்ளவன்தானே வரி கட்டினான்? நம் மக்களுக்கு நிலமே இல்லையே, வரி ஏது?’ என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. கணக்கேட்டில் வரி செலுத்தியவன் பெயர் ஒன்று. அதன் பாரத்தைச் சுமந்தவன் பெயர் வேறொன்று. இதைப் புரிந்துகொள்ளாமல் செங்கற்பட்டு மாவட்டத்தின் வரலாற்றைப் புரிந்துகொள்ள முடியாது.

வரிச்சுமை தாங்காமல் குடிகள் ஊரைக் காலி செய்வது தமிழகத்தில் மிகப் பழைய வழக்கம். குடிகள் ஓடிப்போன செய்திகளை இடைக்காலக் கல்வெட்டுகளில் காண்கிறோம். விசயநகர ஆட்சிக் காலத்தில், 1429ஆம் ஆண்டில், வலங்கை இடங்கைப் பிரிவினர் தம் பகையை மறந்து ஒன்றுகூடி, முறையற்ற வரிகளைத் தர மறுத்து உறுதி செய்துகொண்டதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அரசனுக்கு நிலம் மட்டும் இருந்தால் வருவாய் வராது, உழுகின்றவனும் வேண்டும். ஆகவே குடி பெயர்தல் குடிமக்களின் கையிலிருந்த ஒரு கருவியாக இருந்தது.

ஆனால் அக்கருவி எல்லார் கையிலும் இல்லை. செங்கற்பட்டுப் பகுதியை ஆர்க்காட்டு நவாபு 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். 1780இல் ஐதர் அலியின் படையெடுப்பால் ஊர்கள் பாழடைந்தன. மக்கள் நாற்புறமும் சிதறினர். பின்னர் கம்பெனி நேரடியாக வரி தண்டத் தொடங்கியது. இப்பகுதியின் ஊர்கள் மிராசு முறையில் அமைந்தவை. ஊர் நிலம் பங்குகளாகப் பிரிக்கப்பட்டு மிராசுதாரர்களிடம் இருந்தது. விளைச்சலில் மேல்வாரம் அரசுக்கு. குடிவாரம் பயிரிடும் உரிமை உடையவர்க்கு. உழுது, நட்டு, அறுத்துப் போரடித்த படியாளுக்குக் களத்துமேட்டில் அளந்து கொடுக்கும் களவாசமும் நாட்படி நெல்லுமே உரியவை. மேல்வாரம் உயர்ந்தால் மிராசுதாரர் தம் வீட்டுக் குதிரைக் குறைத்துக்கொள்ளமாட்டார். களத்துமேட்டின் மரக்காலைத்தான் குறைப்பார். மேலிருந்து வைத்த சுமை இறங்கி இறங்கிக் கடைசியில் சேரியின் அடுப்பில் வந்து நின்றது.

நேரடியாக வந்த வரிகளும் உண்டு. மோத்தர்ப்பா என்ற பெயரில் தறிக்கும் தொழிலுக்கும் கடைக்கும் வரி தண்டப்பட்டது. உப்பின் விற்பனையைக் கம்பெனி 1805இல் சென்னை மாகாணத்தில் தன் தனியுரிமையாக்கிக் கொண்டது. 1888இல் உப்பு வரி ஒரு மணங்குக்கு இரண்டரை ரூபாயாக உயர்த்தப்பட்டது. கஞ்சிக்கு உப்பு வேண்டும். பிடித்த மீனைக் கருவாடாக்க உப்பு வேண்டும். ஆயிரம் காணி உடையவனுக்கும் அரைக் காணி இல்லாதவனுக்கும் உப்பு வரி ஒன்றே. உப்பளங்கள் நிறைந்த நம் கடற்கரையில் உப்பு மண்ணில் நின்றுகொண்டே உப்புக்கு வரி கொடுத்தார்கள். அவ்வரி 1947இல்தான் ஒழிந்தது.

நீரிலும் இதே நிலைதான். பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை வழங்கி வருவதை நாம் அறிவோம். தலைக்கட்டு உரிமை உடைய மீனவக் குடும்பங்கள் முறை வைத்து வலை இடுகின்றன. நிலத்தில் மிராசு இல்லாத நம் மக்களுக்கு நீரில் பாடும் இல்லை. அவர்களும் இருளரும் ஓரச் சேற்றில் கையால் தடவி இறால் பிடித்தனர்.

போக முடியாதவர்களும் ஏற்றிச் செல்லப்பட்டவர்களும்

இவ்வளவு சுமையிருந்தும் நம் முன்னோர் ஏன் முன்பே போய்விடவில்லை? போக விடவில்லை என்பதே விடை. படியாள் நிலத்தோடு சேர்த்து எண்ணப்பட்டான். அவன் குடிசை நின்ற இடமும் பிறருடையது. வேலையை மறுத்தால் குடிசையையும் இழப்பான். 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் அடிமை முறைக்குச் சட்டத்தின் துணை இல்லை என்றது. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. ஆனால் இடையில் 1859இல் வந்த பதின்மூன்றாவது சட்டம் முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டுப் போனால் தண்டிக்க வழி செய்தது. அடிமைச் சங்கிலி போய்க் கடன் சீட்டு வந்தது. செல்வன் ஊரை விட்டுப் போனால் அது குடிபெயர்ச்சி. ஏழை போனால் அது ஓட்டம், குற்றம்.

வேறொரு வகையிலும் நம் கடற்கரையிலிருந்து மக்கள் போயினர். பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613இல் கெல்ட்ரியாக் கோட்டையைக் கட்டினர். 1621 முதல் 1665 வரை 131 கப்பல்களில் ஏறத்தாழ 38,000 பேர் சோழமண்டலக் கரையிலிருந்து அடிமைகளாக ஏற்றிச் செல்லப்பட்டனர் என்று டச்சுக் கம்பெனியின் ஏடுகளை ஆராய்ந்தோர் கணக்கிட்டுள்ளனர். அவர்களுள் மிகப் பலர் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். போரும் பஞ்சமும் வந்த ஆண்டுகளில் இவ்வணிகம் பெருகியது. சுற்றுலாவினர் இன்று அக்கோட்டையின் மேட்டையும் டச்சுக் கல்லறைகளையும் பார்த்துச் செல்கின்றனர். கல்லறையில் பெயர் பொறிக்கப்பெற்றவர்கள் ஆண்டவர்கள்; ஏற்றப்பட்டவர்களுக்கு அங்கே கல் ஏதும் இல்லை.

கப்பல் ஏறியவர்கள்

ஆங்கிலேயப் பேரரசில் நீக்ரோ அடிமை முறை 1834இல் முடிவுக்கு வந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. மொரீசியஸ், கயானா, நேட்டால், பிஜி முதலிய இடங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆட்கள் திரட்டப்பட்டனர். நேட்டாலுக்குரிய முதற் கப்பலாகிய ட்ரூரோ 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911இல் இம்முறை நிறுத்தப்படும் வரை 1,52,184 பேர் நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். கப்பல் ஏடுகளில் ஒவ்வொருவர் பெயரும், தந்தை பெயரும், வயதும், சாதியும், மாவட்டமும், ஊரும், உடலில் உள்ள அடையாளமும் எழுதப்பட்டன. பறையர் என்று குறிக்கப்பட்டவர்கள் அவ்வேடுகளில் மிகப் பலர். தன் ஊரில் எந்தக் கணக்கிலும் பெயர் ஏறாத மனிதனுக்கு முதன்முதலாகப் பெயர் எழுதிய ஏடு கப்பல் ஏடுதான் என்பதை நினைக்கும்போது நெஞ்சம் கனக்கிறது.

ஒப்பந்தம் ஐந்தாண்டு. கூலி முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்ந்து ஐந்தாம் ஆண்டில் 14 ஷில்லிங். அனுமதிச் சீட்டின்றித் தோட்டத்தை விட்டு அகன்றால் சிறை. அங்கும் போக உரிமை இல்லை. ஆயினும் ஐந்தாண்டு முடிந்தால் விடுதலை என்று ஒரு நாள் குறிக்கப்பட்டிருந்தது. செங்கற்பட்டுப் படியாளுக்கு அப்படி ஒரு நாள் குறிக்கப்படவேயில்லை. ஒப்பந்தம் முடிந்தவர்கள் காய்கறித் தோட்டம் வைத்தனர்; பழம் விற்றனர்; டர்பன் விரிகுடாவின் சாலிஸ்பரித் தீவில் வலை வீசி மீன் பிடித்தனர். மிராசும் பாடும் கேட்பார் இல்லாத இடத்தில் அவர்கள் கை உழைப்பு அவர்களுக்கே பயன் தந்தது.

மூன்று பவுன் தலைவரி

இந்த முன்னேற்றமே அவர்களுக்கு இடராயிற்று. கூலியாக இருந்தவரை வேண்டப்பட்டவர்கள், தம் காலில் நின்றவுடன் வேண்டாதவர்கள் ஆயினர். ஒப்பந்தம் முடிந்த இந்தியர் மீது ஆண்டுக்கு 25 பவுன் வரி விதிக்க நேட்டால் அரசு முதலில் விரும்பியது. இந்திய அரசு அதைக் குறைத்து 3 பவுனுக்கு இசைந்தது. 1895ஆம் ஆண்டின் பதினேழாவது சட்டம் மூன்று வழிகளைக் காட்டியது: மீண்டும் ஒப்பந்தக் கூலியாகு; இல்லையேல் இந்தியாவுக்குத் திரும்பிப் போ; இரண்டும் இல்லையேல் ஆண்டுதோறும் 3 பவுன் வரி கட்டு. 1903இல் அவ்வரி பதினாறு வயது நிரம்பிய ஆண்மக்களுக்கும் பதின்மூன்று வயது நிரம்பிய பெண்மக்களுக்கும் நீட்டப்பட்டது.

கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு பவுன் 20 ஷில்லிங். கணவன், மனைவி, வளர்ந்த ஒரு மகன், ஒரு மகள் என நால்வர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 12 பவுன், அதாவது 240 ஷில்லிங் வரி. ஐந்தாம் ஆண்டின் உயர்ந்த ஒப்பந்தக் கூலியில் கணக்கிட்டாலும் ஒருவனின் ஓராண்டு வருவாய் 168 ஷில்லிங்தான். வருவாயைவிட வரி மிகுதி! இது கருவூலத்தை நிரப்ப விதித்த வரியன்று. மனிதர்களை விரட்ட விதித்த வரி. வழக்கமாக வரி கூடினால் மக்கள் வெளியேறுவர். இங்கோ மக்கள் வெளியேற வேண்டும் என்பதற்காகவே வரி கூட்டப்பட்டது. திரும்பிப் போனால் எங்கே போவார்கள்? எந்தக் களத்துமேட்டை விட்டு வந்தார்களோ அதே களத்துமேட்டுக்கு.

இந்நிலையில் 1912இல் தென்னாப்பிரிக்கா சென்ற கோகலே, அவ்வரி நீக்கப்படும் என்று அந்நாட்டு அமைச்சர்கள் உறுதி கூறியதாகத் தெரிவித்தார். உறுதி காப்பாற்றப்படவில்லை. 1913 அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். டிரான்சுவாலிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் சுரங்கம்தோறும் சென்று அவர்களிடம் வரியின் கொடுமையை எடுத்துரைத்தனர். நவம்பர் 6ஆம் நாள் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் காந்தியடிகளின் தலைமையில் சார்லஸ்டவுனிலிருந்து புறப்பட்டு, அனுமதியின்றி டிரான்சுவால் எல்லையைக் கடந்தனர். கடற்கரைக் கரும்புத் தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் பரவியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை நோயுற்று 1914 பிப்ரவரி 22 அன்று தம் பதினாறாம் வயதில் உயிர் நீத்தார். அவ்வாண்டிலேயே இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறி மூன்று பவுன் வரி ஒழிந்தது. நிலுவையும் தள்ளுபடி ஆயிற்று.

முதன்முறை அவர்கள் சுமையிலிருந்து தப்ப ஊரை விட்டுப் போனார்கள். சுமை கடல் தாண்டிப் பின்தொடர்ந்தது. இரண்டாம் முறை அவர்கள் போகவில்லை, கூடி நின்றார்கள், சுமை போயிற்று. நம் வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே என்று கருதுகிறோம்.

போனவர் திரும்பியதும் இருந்தவர் பெற்றதும்

அதே காலத்தில் செங்கற்பட்டில் தங்கிவிட்டவர்களின் நிலை என்ன? 1891இல் மாவட்ட ஆட்சியர் டிரமன்ஹீர் நம் மக்களின் நிலை குறித்து அரசுக்கு விரிவான குறிப்பொன்றை அளித்தார். கடன் சீட்டால் கட்டுண்டு கிடந்ததையும், குடிசை நின்ற இடமும் சொந்தமில்லாமையையும், தரிசு நிலம் கேட்டு விண்ணப்பித்தால் மிராசுதாரர் தடுத்ததையும் அவர் எழுதினார். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30 அன்று வெளியான அரசாணையே நாம் இன்று பஞ்சமி நிலம் என்று வழங்கும் நிலங்களுக்கு அடிப்படை. அந்நிலங்களுள் பல பின்னர்ப் பிறர் கைக்குப் போயின. அவற்றை மீட்கக் கோரிய போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் ஈந்தனர்.

போனவர்களுள் திரும்பி வந்த ஒருவரையும் நினைவுகூர்வோம். செங்கற்பட்டு மாவட்டம் கோழியாளம் சிற்றூரில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியவர். 1900இல் இலண்டன் செல்லும் நோக்குடன் புறப்பட்ட அவர் கிழக்கு ஆப்பிரிக்கா வழியாகத் தென்னாப்பிரிக்காவை அடைந்து, நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். அவர் கையில் மண்வெட்டி இல்லை, எழுத்து இருந்தது. 1921இல் தாயகம் திரும்பிச் சட்டமன்ற உறுப்பினரானார். பொதுச் சாலைகளும் கிணறுகளும் நம் மக்களுக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்தார். 1930இல் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார். இலண்டனுக்குப் புறப்பட்டவர் முப்பது ஆண்டுகளுக்குப் பின் நம் அனைவரின் பேராளராக அங்கே போய்ச் சேர்ந்தார்.

இன்று போகின்றவர்களுக்கு

இளைஞர்களே! ஊரை விட்டுப் போகாதீர்கள் என்று நாம் கூறவில்லை. அப்படிக் கூறுவது மிராசுதாரர் பேச்சாகிவிடும். போவது உங்கள் உரிமை. அவ்வுரிமைக்காக நம் முன்னோர் பட்ட பாடு பெரிது. ஆனால் எப்படிப் போகிறீர்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் வருகைப் பதிவேட்டில் இருந்த பெயர் பத்தாம் வகுப்பில் இல்லாமற் போவதை ஆசிரியர் பணியில் எத்தனையோ முறை கண்டுவிட்டோம். கேட்டால், ‘முன்பணம் வாங்கிவிட்டோம் ஐயா’ என்று பெற்றோர் சொல்வர். அந்த முன்பணமே 1859ஆம் ஆண்டின் கடன் சீட்டு. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்துவிட்டது. முன்பணத்தைக் காட்டி ஒருவரைப் பிடித்து வைப்பது இன்று குற்றம். இதை அறியாதவனுக்கு அச்சட்டம் இருந்தும் பயனில்லை.

எல்லையில் வாழும் நாம் மற்றொன்றையும் அறிய வேண்டும். பட்டியல் சாதி என்னும் ஏற்பு மாநிலத்துக்கு மாநிலம் தனியானது. ஒரு மாநிலத்தில் பெற்ற சாதிச் சான்றிதழைக் கொண்டு, குடிபெயர்ந்த மற்றொரு மாநிலத்தின் பணிகளில் இடஒதுக்கீடு கோர இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1990இலும் மீண்டும் 2018இலும் தீர்ப்பளித்துள்ளது. தடாவிலோ சூளூர்ப்பேட்டையிலோ குடியேறி அம்மாநில அரசுப் பணிக்கு விண்ணப்பிக்க எண்ணுபவர் இதை முதலில் கேட்டறிய வேண்டும். அமெரிக்கச் செல்வன் மாநிலம் மாறினால் வரி குறைகிறது. நம் பிள்ளை மாநிலம் மாறினால் உரிமை குறைகிறது. எல்லைக்கோடு எல்லாரையும் ஒரே விதமாக நடத்துவதில்லை.

இன்னும் ஒன்று. இன்று நம் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து ஏழைக் குடும்பங்கள் முன்பணம் பெற்று வருகின்றன. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வடமாநில இளைஞர்கள் வருகின்றனர். அவர்களை நம் பிழைப்பைப் பறிக்க வந்தவர்கள் என்று நம்மவர் சிலர் இகழ்வது காதில் விழுகிறது. நேட்டாலில் நம் முன்னோரைப் பார்த்துச் சொன்னதும் அதே சொல்தான். நாம் அச்சொல்லைச் சொல்லலாகாது. அவர்கள் பிள்ளைகளை நம் பள்ளிகளில் சேர்க்க உதவுவது நமது சங்கத்தின் அடுத்த பணியாகட்டும்.

கப்பல் ஏட்டில் நம் முன்னோரின் பெயரைப் பிறர் எழுதினர். அவர்கள் ஒப்பமிடும் இடத்தில் கைநாட்டு வைத்தனர். எதற்கு ஒப்புக்கொண்டோம் என்பதைப் படித்தறிய அவர்களால் இயலவில்லை. கால் நூற்றாண்டாக நம் சங்கம் இரவுப் பாடசாலை நடத்தியதும், புத்தகம் வாங்கித் தந்ததும், தேர்வுக் கட்டணம் கட்டியதும் அந்தக் கைநாட்டை மாற்றுவதற்கே. இனி நம் பிள்ளைகள் எந்த ஊருக்குப் போனாலும், தாளைப் படித்துப் பார்த்துத் தம் கையால் ஒப்பமிட்டுப் போகட்டும். போன இடத்தில் கூடி நிற்கட்டும். வென்றபின் சீனிவாசனாரைப் போல் ஒரு முறையேனும் ஊருக்குத் திரும்பி வந்து, பின்னால் வருவோர்க்கு வழி சொல்லட்டும்.

வாழ்க நம் சங்கம்! வளர்க நம் கல்வி!